தொப்பி எண்ணும் விமர்சனம்

சுவரோவியங்களைப் பற்றி நம்மவர்கள் எழுதும் கட்டுரைகளுக்கு ஒரு சூத்திரம் உருவாகிவிட்டது. கட்டுரையாளர் சுவரின் முன்னால் போய் நிற்கிறார். (போகாமல், முகநூலில் வந்த புகைப்படத்தின் முன்னால் நிற்பவர்களே அதிகம் என்பது வேறு விடயம்.) சிங்கம் எத்தனை, தாதுகோபம் எத்தனை, வாளேந்திய மன்னர் எத்தனை பேர் என்று எண்ணுகிறார். பின்னர் பிறையைத் தேடுகிறார். பிறை இல்லை. மினாரா இல்லை. தொப்பி போட்ட தலை ஒன்றுகூட இல்லை. உடனே ‘மற்றமை’, ‘விளிம்பு’, ‘பெருங்கதையாடல்’ ஆகிய மூன்று சொற்களையும் அளவாகக் கலந்து நான்கு பக்கங்கள் எழுதுகிறார். எங்களையும் வரைந்திருக்கலாமே என்ற ஏக்கத்தில் கட்டுரை முடிகிறது.

இந்த எண்ணிக்கை வேலையைத்தான் நம்மிடையே குறியீட்டு வாசிப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வாக்காளர் இடாப்பில் தன் பெயர் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுபவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது தேடிக் கிடைத்தால் வாக்குப் போடப் போகிறான்.

இந்தச் சூத்திரம் பிறந்த காலத்தை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். 2019 நவம்பர் 16 ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். கோட்டாபய ராஜபக்ஷ வென்றார். 18 ஆம் திகதி அநுராதபுரத்தில், ருவன்வெலிசாயவின் முன்றலில் பதவியேற்றார். அந்த மாதம் முடிவதற்கிடையில் நாட்டின் பல பாகங்களிலும் இளைஞர்கள் வாளியும் தூரிகையுமாக வீதிக்கு இறங்கினார்கள். தேர்தல் சுவரொட்டிகளைக் கிழித்தார்கள், மதில்களைக் கழுவினார்கள், வரையத் தொடங்கினார்கள். கடைக்காரர்கள் பெயின்ட் கொடுத்தார்கள். வீட்டுக்காரர்கள் தேநீர் கொடுத்தார்கள். வயலும் குளமும், யானையும் சிறுத்தையும், கண்டிய நடனக்காரரும் வரையப்பட்டனர். பண்டைய மன்னர்கள் வந்தார்கள். இராவணன் வந்தான். துப்பாக்கி ஏந்திய படைவீரர் வந்தார். அந்தச் சுவர்களில் முஸ்லிம்கள் அநேகமாக இல்லை என்பது உண்மை. அதை மறுத்து எழுத நான் இங்கு வரவில்லை. இல்லை என்று கண்டுபிடித்ததோடு வாசிப்பு முடிந்துவிட்டதாக நினைப்பதைத்தான் மறுக்கிறேன்.

முதலில் சிங்கத்தை எடுத்துக்கொள்வோம். நமது கட்டுரைகளில் சிங்கம் என்றால் பேரினவாதம், சமன்பாடு முடிந்தது. ஆனால் 1948 ஜனவரியில், சுதந்திரம் கிடைப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சிங்கக் கொடியையே இந்நாட்டின் கொடியாக ஏற்க வேண்டும் என்று பிரதிநிதிகள் சபையில் பிரேரணை கொண்டுவந்தவர் யார்? மட்டக்களப்பு உறுப்பினர் ஏ. சின்னலெப்பை. நம்மவர். கிழக்கிலங்கை முஸ்லிம். அந்த மன்னனோ தென்னிந்திய வழிவந்த நாயக்கர். ஆக, நாயக்க மன்னன் ஒருவனின் கொடியை மட்டக்களப்பு முஸ்லிம் ஒருவர் சபையில் பிரேரிக்க, அது தேசியக் கொடியின் கருவாயிற்று. பிறகு எஸ்.டப்ளியூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் தலைமையில் அமைந்த குழு பச்சை, செம்மஞ்சள் கோடுகளைச் சேர்த்தது. 1951 இல் கொடி ஏற்றுக்கொள்ளப்பட்டது. பச்சை நாம், செம்மஞ்சள் தமிழர் என்பது பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்தது. கோடுகள் சிங்கத்தின் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன என்பதை மட்டும் நாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை.

2016 ஜனவரிக்கு வருவோம். ‘சிங்ஹ லே’, அதாவது சிங்கத்தின் இரத்தம். மஞ்சளிலும் சிவப்பிலும் அச்சிட்ட அந்த ஒட்டுப்படம் முச்சக்கர வண்டிகளிலும் வாகனங்களிலும் பரவிய அதே நாட்களில், நுகேகொடையில் முஸ்லிம் வீடுகளின் கேற்றுகளிலும் மதில்களிலும் இரவோடிரவாக அந்த வார்த்தை விசிறியடிக்கப்பட்டிருந்தது. சின்னலெப்பை சபையில் எழுந்து கேட்டதும் சிங்கம்தான், நுகேகொடைக் கேற்றில் ஒருவன் அடித்துவிட்டுப் போனதும் சிங்கம்தான். 68 வருடங்களில் சிங்கத்தின் பிடரியோ வாளோ மாறவில்லை. அது இருந்த இடம் மாறியது. சபையில் ஒருவர் தன் விருப்பத்தோடு கேட்ட கொடி, இன்னொருவரின் கேற்றில் அவருடைய அனுமதியில்லாமல் வந்து ஒட்டிக்கொண்டது. கேற்று எவருடையது, அடித்த கை எவருடையது, காலையில் வாளித் தண்ணீரோடு வந்து தேய்த்துக் கழுவியது எவர்? இந்த மூன்று கேள்விகளையும் விட்டுவிட்டுச் சிங்கத்தின் குறியீட்டு அர்த்தத்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் அது விலங்கியல்தான்.

இராவணனின் கதை இன்னும் விசித்திரமானது. தமிழ்நாட்டில் திராவிட இயக்கம் அவனை வீரனாக்கியது. புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946 இல் வெளிவந்து, 1948 இல் தடை செய்யப்பட்டு, 1971 இல்தான் தடை நீங்கப்பெற்றது. திருக்கோணமலையில் ‘இராவணன் வெட்டு’ சைவத் தமிழருடைய ஐதீகம். மறுபுறம், 2019 இல் இலங்கை விண்ணுக்கு அனுப்பிய முதலாவது செய்மதியின் பெயர் ‘ராவணா 1’. மாடறுப்புக்கு எதிராக ஊர்வலம் போன தீவிரவாதக் குழுவொன்று தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘ராவணா பலய’. பத்துத் தலையோடு அவனை ஒரு சுவரில் கண்டால் நாம் எந்த இராவணனைப் பார்க்கிறோம்? சுவர் திருக்கோணமலையிலா, குருநாகலிலா என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. குறியீட்டு அகராதி வைத்திருக்கும் நமது நண்பர்களுக்கு இந்த இடத்தில் அகராதி உதவாது.

இது நமக்கு மட்டும் நேர்ந்த சிக்கலல்ல. அரசியல் சுவரோவியத்துக்கு உலகில் பெயர்போன நகரம் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட். பிரித்தானியாவோடு இருக்க விரும்பும் புரட்டஸ்தாந்துக்காரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே தங்கள் தெருச் சுவர்களில் வில்லியம் மன்னரை வெள்ளைக் குதிரையில் ஏற்றி வரைந்து வருகிறார்கள். 1690 இல் பொய்ன் ஆற்றங்கரையில் அவர் கத்தோலிக்க மன்னரை வென்ற காட்சி அது. ஒவ்வொரு ஜூலை 12 ஆம் திகதி ஊர்வலத்துக்கு முன்னரும் குதிரைக்குப் புதிதாக வெள்ளையடிப்பது அங்கே நெடுங்கால வழக்கம். கத்தோலிக்கத் தெருக்களில் சுவரோவியம் பெருகியது 1981 இல்தான். அவ்வருடம் மே 5 ஆம் திகதி பொபி சாண்ட்ஸ் சிறையில் உண்ணாவிரதமிருந்து இறந்தார். அந்த முகத்தை போல்ஸ் வீதிச் சுவரில் இன்றும் காணலாம்.

அந்நகரத்துச் சுவர்களில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொரு உருவம். கூஹுலன் என்ற பழைய ஐரிஷ் காவிய வீரன். சாகும்போதும் விழக்கூடாது என்று தன்னைக் கல்லோடு கட்டிக்கொண்டவன். டப்ளின் தபாலகத்தில் அவனுக்குச் சிலை உண்டு. 1916 எழுச்சியின் நினைவுச்சின்னம் அது. எனவே அவன் அயர்லாந்து விடுதலையின் குறியீடு என்று எழுதலாமா? கிழக்கு பெல்பாஸ்டில், பிரித்தானிய விசுவாசிகளின் தெருவில், அதே சிலையைப் பார்த்து வரைந்த அதே கூஹுலன் நிற்கிறான். அங்கே அவன் அயர்லாந்துக்காரரிடமிருந்து அல்ஸ்டரைக் காத்த காவலன்! ஒரே வீரன், ஒரே கல், ஒரே சாவு. இடையில் ஓர் ஆறும் சில தெருக்களும்தான். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் தத்தம் சுவரைப் பார்த்துக்கொண்டு பாடசாலைக்குப் போகிறார்கள்.

அதே நகரத்தில் பலஸ்தீனச் சுவரோவியங்களும் உண்டு. நம் கவிஞர்கள் பலர் அவற்றின் படங்களைக் கண்டு உருகினார்கள். அந்த ஆதரவு பொய் என்று நான் சொல்லவரவில்லை; அடக்குமுறையை அனுபவித்தவன் இன்னொரு அடக்குமுறையை அடையாளம் காண்பது இயல்பு. ஆனால், கத்தோலிக்கத் தெருவில் பலஸ்தீனக் கொடி ஏறியபோது எதிர்த் தெருவில் இஸ்ரேலியக் கொடி ஏறியதே, அதை ஏன் எவரும் எழுதவில்லை? அந்த இரண்டாவது கொடியைப் பார்த்த பிறகு முதலாவதன் அர்த்தமும் கொஞ்சம் அசைகிறது. காஸாவைப் பற்றிப் பேசும் அந்தச் சுவர், பக்கத்துத் தெருக்காரனோடும் பேசிக்கொண்டிருக்கிறது. நாம் கேட்டது ஒரு குரலை மட்டும்.

2006 இல் வட அயர்லாந்துக் கலைச் சபை 33 இலட்சம் பவுண் செலவில் ஒரு திட்டம் தொடங்கியது. துப்பாக்கிச் சுவரோவியங்களை அழித்துவிட்டு, எவரையும் உறுத்தாத படங்களை வரைவது. கால்பந்து வீரர்கள் வந்தார்கள். உள்ளூர் வரலாறு வந்தது. நல்லதுதானே என்று தோன்றும். முகமூடிக்காரனின் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டே வளரும் பிள்ளைக்குக் கால்பந்து வீரர் மேல்தான். ஆனால் அரசாங்கத்தின் கையில் பெயின்ட் வாளி வந்தவுடன் சுவரில் என்ன நிகழ்கிறது என்று பார்க்க இது நல்ல உதாரணம். உறுத்துகிற படம் போய்விடுகிறது. உறுத்துவதற்கான காரணம் சுவருக்குப் பின்னால் உள்ள வீட்டில் குடியிருக்கிறது.

நமது நாட்டிலும் அந்த வாளி வந்தது. பாடசாலைகளுக்கு வந்தது.

நான் கிராமத்துப் பாடசாலையொன்றில் படிப்பிப்பவன். இன நல்லிணக்கத்தை வலியுறுத்தும் சுவரோவியம் ஒன்றைப் பாடசாலை மதிலில் வரைய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒருமுறை அறிவுறுத்தல் வந்தது. மாதிரிப் படமும் இணைக்கப்பட்டிருந்தது. நான்கு பிள்ளைகள் கைகோத்து நிற்கிறார்கள். ஒரு சிறுமிக்குப் பொட்டும் பூவும், அவள் தமிழ். ஒரு சிறுமிக்குப் பர்தா, ஒரு சிறுவனுக்குத் தொப்பி, அவர்கள் நாம். நான்காவது சிறுவனுக்கு எதுவும் இல்லை. வெள்ளைச் சேட், நீலக் காற்சட்டை, அவ்வளவுதான். அவன் வெறும் பிள்ளை. மற்ற மூவரும் அடையாள அட்டை அணிந்த பிள்ளைகள். படத்தை வரைந்தவர் கெட்ட எண்ணத்தோடு வரைந்தார் என்று நான் சொல்லமாட்டேன். எந்த எண்ணமும் இல்லாமல் கை தானாக வரைந்ததே இங்கு வாசிக்க வேண்டிய விடயம். தொப்பி எண்ணும் விமர்சகர் இந்தச் சுவருக்கு நூறு புள்ளிகள் போட்டிருப்பார். ஏனெனில் தொப்பி இருக்கிறது, பர்தாவும் இருக்கிறது!

பிள்ளைகளிடம் படத்தைக் காட்டினேன். தொப்பியில்லாமல் வரைந்தால் என்ன என்று கேட்டேன். ஒரு பையன் எழும்பினான். “சேர், தொப்பி போடாட்டி அது நம்மட புள்ள எண்டு எப்படித் தெரியும்?” என்றான். பின் வாங்கிலிருந்த ஒரு பிள்ளை, “தெரியாட்டி என்ன?” என்றாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. மூன்று நாட்கள் இதே தர்க்கம். நமது சஞ்சிகைகளில் வந்த எந்தக் கட்டுரையிலும் இந்த இரண்டு கேள்விகளின் அளவுக்கு விடயம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. கடைசியில் மாதிரிப்படியே வரையப்பட்டது, புகைப்படம் எடுக்கப்பட்டது, மேலிடத்துக்கு அனுப்பப்பட்டது.

அது எந்த வருடம் தெரியுமா? 2019. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்த வருடம். கொழும்பு பஸ்ஸில் ஏறியதும் ஊர்ப் பெரியவர்கள் தொப்பியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அபாயா அணிந்த பெண்கள் அலுவலகங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் போகத் தயங்கிய மாதங்கள் அவை. தலையிலிருந்த தொப்பி பைக்குள் போன அதே வருடத்தில்தான் மதிலில் தொப்பி வரையச் சொல்லிக் கடிதம் வந்தது. மதிலில் இருக்கும் முஸ்லிமுக்கு அது கட்டாயம். பஸ்ஸில் இருக்கும் முஸ்லிமுக்கு அது ஆபத்து. ‘எங்களையும் வரையுங்கள்’ என்று கேட்கும் நண்பர்கள் எந்த முஸ்லிமை வரையச் சொல்கிறார்கள் என்பதை முதலில் தெளிவுபடுத்த வேண்டும்.

பிறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மார்க்கம் நமக்கு விதித்த சின்னமல்ல. உதுமானியப் பேரரசின் கொடி வழியாக உலகெங்கும் பரவி, நம் மீதும் ஒட்டிக்கொண்ட ஒன்று. உருவம் வரையாத மரபு நமது. எழுத்தையும் கொடியையும் பூவேலையையும் வைத்துச் சுவரை அலங்கரித்தவர்கள் நாம். சிங்கள மக்களுக்கோ சுவரோவியம் நேற்று வந்ததல்ல. சீகிரியாவை விட்டுவிட்டாலும், விகாரைச் சுவர்களில் ஜாதகக் கதைகளைப் பட்டி பட்டியாகப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். களனியில் சோலியஸ் மெண்டிஸ் வரைந்த, வெள்ளரசுக் கிளையோடு வந்திறங்கும் சங்கமித்தையைக் கும்பிட்டு வந்த கண்கள் அவர்களுடையவை. பொரளை கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீற் வரைந்தவை நவீன ஓவியம் என்றாலும் அங்கும் சுவர் விகாரைச் சுவர்தான். 2019 இன் இளைஞன் மதிலில் மன்னனை வரைந்தபோது அவன் கை அந்தப் பழக்கத்தில் ஓடியது. வீதி மதிலை அவன் விகாரைச் சுவராக்கினான். தேசம் முழுவதையும் ஒரு விகாரையின் உட்சுவராகக் காணும் அந்தப் பார்வையில் நமக்கு மூலையில் ஒரு பிறை வரைந்து தந்தாலும் நாம் அங்கே யாத்திரிகர்தான், குடியிருப்பவர் அல்லர். இதை எழுதியிருக்க வேண்டும். எழுதுவதற்குக் களனிக்கு ஒருமுறை போய் வந்திருக்க வேண்டும்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சித்திரம் படிப்பித்த விரிவுரையாளர், சுவரில் கீறுவதற்கு முன்னர் அதை விரலால் தட்டிப் பார்க்கச் சொல்வார். பழைய சுண்ணாம்பின் மேல் அப்படியே பெயின்ட் பூசினால் முதல் மாரியிலேயே பொரிந்து கழன்றுவிடும். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மேலே வரையாதே என்பார். அவர் அதைத் தொழில்நுட்பமாகச் சொன்னார். விமர்சனத்துக்கும் அது பொருந்தும். ஒரு சுவரோவியத்தின் அரசியல் அதன் உருவங்களில் பாதிகூட இல்லை. அடியில் எது அழிக்கப்பட்டது, வரைந்தவனை எவரும் தடுத்தாரா, பெயின்ட் எவர் கொடுத்தது, மங்கினால் எவர் புதுப்பிப்பார், அழிப்பதென்றால் எவ்வளவு விரைவில் அழிப்பார்கள் என்பவற்றில்தான் மீதி இருக்கிறது.

இந்தக் கடைசிக் கேள்விக்கு நம்மிடமே ஓர் உதாரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

கொரோனாவில் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வெளியானது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்வதை அனுமதித்திருந்தும் இங்கு ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. டிசம்பரில், பிறந்து 20 நாட்களேயான ஒரு குழந்தையின் உடல் பெற்றோரின் சம்மதமின்றிப் பொரளையில் எரிக்கப்பட்டது. அதன் பின் மக்கள் பொரளைக் கனத்தை மயானத்தின் வேலிக்கு வந்தார்கள். கையில் வெள்ளைத் துணித் துண்டுகள். கபன் துணி. ஆளுக்கொரு துண்டாக வேலிக் கம்பிகளில் கட்டிவிட்டுப் போனார்கள். முஸ்லிம்கள் மட்டும் வரவில்லை. சிங்களவர் வந்தார்கள், தமிழர் வந்தார்கள், பாதிரிமார் வந்தார்கள். வேலி வெண்மையானது. ஓர் இரவில் அத்தனை துணியும் அகற்றப்பட்டுவிட்டன. மக்கள் மீண்டும் வேறு வேலிகளில், வேறு ஊர்களில், தங்கள் வீட்டுக் கேற்றுகளில் கட்டினார்கள்.

அந்த வேலியில் பிறை இல்லை. மினாரா இல்லை. எழுத்துக்கூட இல்லை. வெறும் வெள்ளை. ஆனால் நமது வரலாற்றில் நாம் பொது வெளியில் வரைந்த மிகப் பெரிய அரசியல் ஓவியம் அதுதான் என்று நான் சொல்வேன். நம்மை அடையாளம் காட்ட அதில் ஒரு தொப்பி தேவைப்படவில்லை. எவன் பார்த்தாலும் புரிந்தது. எந்தத் துணியைச் சுற்ற அனுமதிக்கவில்லையோ அந்தத் துணியே வேலியில் தொங்கியது. உருவம் வரையாத மரபுக்காரர்கள் உருவமில்லாமலே பேசினார்கள். 2019 இன் மன்னர்களையும் படைவீரர்களையும் அழிக்க எந்த அதிகாரியும் இரவில் ஆள் அனுப்பவில்லை. அவை வெயிலிலும் மழையிலும் தாமாக மங்கின. அவை வரையப்பட்ட காலத்து ஜனாதிபதி 2022 ஜூலையில் நாட்டை விட்டு ஓடியபோதும் பல மதில்களில் அரைகுறையாக நின்றுகொண்டிருந்தன. முழத் துணிக்கு மட்டும் ஓரிரவு பொறுக்க முடியவில்லை. எது குறியீடு, எது அலங்காரம் என்று கேட்டால் இந்தக் கால அளவைத்தான் நான் காட்டுவேன். 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

கபன் துணியைப் பற்றிக் கவிதைகள் வந்தன, நிறையவே வந்தன. அவற்றில் சில நல்ல கவிதைகள். ஆனால் அந்த வேலியை ஒரு பிரதியாக எடுத்து, எவர் கட்டினார், எப்படிக் கட்டினார், எவர் அவிழ்த்தார் என்று வாசித்த ஒரு கட்டுரையை நமது சஞ்சிகைகளில் நான் காணவில்லை. பிற மதத்தவர் அந்தத் துணியைக் கையில் எடுத்தபோது கபனின் அர்த்தத்துக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்வியைக்கூட எவரும் கேட்கவில்லை. மற்றமை பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடியவர்களுக்கு, மற்றவர் வந்து நம் துணியைக் கட்டிய இடத்தில் பேச்சு வரவில்லை.

இன்னொரு சுவர் காத்தான்குடியில் இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி இஷாத் தொழுகையின்போது விடுதலைப் புலிகள் சுட்டதில் நூற்றுக்கு மேற்பட்டோர் ஷஹீதான பள்ளிவாசல்களில், மீரா ஜும்ஆப் பள்ளியின் சுவரில் துப்பாக்கி ரவைகள் துளைத்த துளைகள் அப்படியே விடப்பட்டுள்ளன. ஒரு கரண்டிச் சாந்து போதும் அவற்றை அடைப்பதற்கு. அடைக்கவில்லை. முப்பது வருடங்களுக்கு மேலாக அடைக்காமல் விடுவதும் ஒரு வரைதல்தான். அதே ஊரின் பிரதான வீதியின் நடுவே நட்ட பேரீச்ச மரங்களை 2019 இற்குப் பிறகு ‘அரபுமயமாக்கலின்’ சாட்சியாகப் படம்பிடித்துக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் அந்தத் துளைகளையும் படம்பிடித்தார்கள்? அவர்களுக்கு மரம் போதுமாயிருந்தது. அவர்களும் நமது விமர்சகர்களைப் போலத்தான், பேரீச்சையை எண்ணினார்கள்.

மரம் என்றதும் நமது சொந்த மரம் நினைவுக்கு வருகிறது. மர்ஹூம் அஷ்ரஃப் காலத்திலிருந்து கிழக்கின் மதில்களில் தேர்தலுக்குத் தேர்தல் வரையப்பட்டு வரும் மரம். கட்சிச் சின்னம் ஒரு சமூகத்தின் குறியீடாக மாறி, பிறகு சமூகத்துக்குள்ளேயே ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் குறியீடாக மாறிய கதை அந்தப் பச்சைப் பெயின்டில் இருக்கிறது. அஷ்ரஃப் கவிஞரும்கூட, ‘நான் எனும் நீ’ அவருடைய தொகுதி. அவர் கவிதைகளுக்கு விமர்சனம் எழுதியவர்கள் உண்டு. அவர் மரத்துக்கு எழுதியவர் உண்டா? பேரினவாதச் சுவரை வாசிக்க வருகின்ற தைரியம் ஊர்ச் சந்தியின் சுவரை வாசிக்க ஏன் வருவதில்லை என்று எனக்குத் தெரியும். களனி மன்னன் நம்மைத் தேடி வீட்டுக்கு வரமாட்டான். சந்திச் சுவரை வரைந்த பொடியன் நமது சாச்சாவின் மகன்.

எங்கள் சந்தியில் ஒரு மதில் இருக்கிறது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், சைவ உணவுக் கடைக்கு எதிரே. மழைக்குப் பொரிந்த இடத்தில் நகத்தால் சுரண்டினால் முதலில் நீலம் வரும், அடுத்தது பச்சை, அதற்கடியில் வேறொரு பச்சை, அதற்கும் அடியில் சுண்ணாம்பு. சுண்ணாம்பில் ஏதோ எழுத்துகள் தெரிகின்றன. ‘மாதர்’ என்று ஒரு சொல்லை மட்டும் என்னால் வாசிக்க முடிகிறது. அது எந்தக் கூட்டத்தின் அறிவித்தல், எந்த வருடம், மேலே முதல் பச்சையைப் பூசியவர் எவர் என்று ஊரில் நாலு பெரியவர்களிடமாவது விசாரிக்கலாம். இந்த இதழின் ஆசிரியர் இடம் தந்தால் அதைச் செய்து எழுதித் தரத் தயாராக இருக்கிறேன். நண்பர்களும் தத்தம் ஊர்ச் சந்தியிலிருந்து தொடங்கட்டும். களனிக்குப் பிறகு போகலாம்.